இடைவெளிக்கு ஒரு பணிப்பாளர்

மொட்டைக்கல் தோட்டம் கைமாறிய செய்தி, மொட்டைக்கல் தோட்டத்து ஆட்களுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? விடிந்தால் ஆள் கணக்கெடுக்கிற அதே பெரட்டுக்களம், அதே கங்காணி, அதே தேயிலை, அதே அட்டைக்கடி. கொழுந்து நிறுக்கிற தராசுகூட மாறவில்லை. பழைய கம்பனிக்காகக் களவெடுத்த தராசு, புதிய கம்பனிக்காகவும் அதே விசுவாசத்தோடு களவெடுத்தது. ஃபெக்டரிச் சுவரில் பழைய பெயரை அழித்த பெயின்டர், புதிய பெயரை எழுதுவதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறிவிட்டான். சுவர் மொட்டையாக நின்றது. அந்தச் சுவருக்குக் கீழேதான் பணிப்பாளர் பரமலிங்கம் வெள்ளைக் காரில் வந்து இறங்கி, "நீங்கள் எல்லாரும் இப்ப வேலையில்லாத ஆக்கள்" என்று அறிவித்தார்.

முதுகில் கூடையோடு நின்ற பூரணி, பக்கத்தில் நின்ற தன் புருஷன் அழகுமுத்துவைப் பார்த்தாள். அவன் கையில் கவ்வாத்துக் கத்தி. முற்றிய தேயிலைச் செடிகளை வெட்டிவிடப் போகிற வழியில்தான் அவனைக் கூட்டத்துக்கு மறித்திருந்தார்கள்.

"அப்ப இன்னைக்கு மலைக்குப் போக வேணாங்களா?" என்று கேட்டாள் பூரணி.

"போகணும், போகணும்" என்று மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பதறினார். "ஐயா சொல்றது சட்டப்படி."

சட்டப்படி என்ன நடந்திருந்தது என்றால், பழைய கம்பனி எல்லார் பெயரையும் வெட்டிவிட்டுப் போய்விட்டது. புதிய கம்பனி நல்ல நாள் பார்த்துப் பதியும். அதுவரை அவர்கள் யாருக்கும் சொந்தமில்லை. இந்த மாதிரி அநாதைக் காலத்துக்கென்றே ஒரு சட்டமும், அந்தச் சட்டத்துக்கென்றே இடைநிலைத் தொழிலாளர் சுகக் காப்புறுதி நிதியம் என்று ஒன்றும், அந்த நிதியத்தின் தலைமைக்கென்றே பரமலிங்கமும் இருந்தார்கள். வருஷக்கணக்காக ஒவ்வொரு சம்பளத்திலும் அதற்கென்று ஒரு துண்டு வெட்டப்பட்டு வந்திருக்கிறது. கோயில் வரிப்பணம் போலிருக்கிறது என்று பூரணி நினைத்திருந்தாள்.

"குரங்கு ஒண்டு ஒரு கொப்பை விட்டிட்டு மற்றக் கொப்பைப் பிடிக்கப் பாயுது எண்டு வையுங்கோ" என்றார் பரமலிங்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, ஹட்டனுக்கு மனமில்லாமல் வந்து சேர்ந்தவர். "ரெண்டு கொப்புக்கும் இடையில அந்தக் குரங்குக்கு ஆர் துணை? நாங்கள் துணை! விழுந்தால் ஏந்துறதுக்கு எங்கட சட்டம் கீழ நிக்குது. ஒரு குரங்கும் நிலத்தில விழ நாங்கள் விடமாட்டம்!"

தங்களைத்தான் குரங்கு என்கிறார் என்பது யாருக்கும் விளங்காமல் இல்லை. இருந்தாலும் கை தட்டினார்கள். தட்டினால்தான் கூட்டம் முடியும் என்பது பரம்பரை அனுபவம். கூட்டம் முடிந்ததும் வேலையில்லாத ஆட்கள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

அடுத்த வாரமே குரங்கு விழுந்தது. அழகுமுத்து வெட்டிய மிலாறு, முற்றிய தேயிலைக் குச்சி ஒன்று, விசையோடு எகிறி வந்து அவன் வலக்கண்ணில் அடித்தது. இடக்கண் சின்ன வயதில் காய்ச்சலில் போனது; வெளிச்சம், இருட்டு என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அவனுடைய பார்வை முழுவதும் அந்த வலக்கண்ணில்தான் குடியிருந்தது.

பெரியாஸ்பத்திரி டொக்டர் நல்ல மனுஷன். ஒளித்துப் பேசவில்லை.

"உள்ளே விழித்திரை விலகியிருக்கு. இங்க மெஷின் உடைஞ்சு கிடக்கு. ரெண்டு கிழமைக்குள்ள பிரைவட் ஆஸ்பத்திரியில ஒப்பரேஷன் செஞ்சா கண் தப்பும். பிந்தினா யாராலயும் ஒண்ணும் செய்ய ஏலாது. காப்புறுதி இருக்கா?"

"இருக்குங்க!" என்று பூரணி கத்தியே விட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவளிடம் யாரோ இருக்கிறதா என்று கேட்ட ஒன்று, உண்மையாகவே இருந்தது.

ஹட்டனில் நிதியத்தின் அலுவலகம் ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி செங்குத்து. நோயாளிகள் ஏறி வரக்கூடாது என்று திட்டமிட்டுக் கட்டியதாகச் சொன்னால் அது அநியாயம். அந்த அலுவலகத்தில் எதையுமே யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. பூரணி புருஷனின் கையைப் பிடித்து ஏற்றிக் கொண்டுபோனாள். முன்மேசையில் தனுஷிகா என்ற கிளார்க் பிள்ளை இருந்தது. வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்து படித்து வந்த பிள்ளை. அழகுமுத்துவின் கண்ணைப் பார்த்ததுமே எழுந்து கதிரையை இழுத்துப் போட்டது.

"அக்கா, என்னால எழுதிக் குடுக்க மட்டுந்தான் முடியும். சேர்தான் முடிவு எடுக்கணும்" என்றது தாழ்ந்த குரலில்.

சேர் என்கிற பரமலிங்கம் முடிவு எடுக்க உட்கார்ந்தார்.

"காயம் எப்பிடி வந்தது?"

"கவ்வாத்து வெட்டுறப்ப மிலாறு அடிச்சிருச்சுங்க" என்றான் அழகுமுத்து.

பரமலிங்கத்தின் முகம் வாடியது. "அப்ப நீங்கள் வேலை செய்துகொண்டு நிண்டனீங்கள்."

"ஆமாங்க."

"வேலை செய்துகொண்டு நிண்டால் நீங்கள் இடையில நிக்கேல்லை, தம்பி. எங்கட நிதியம் இடையில நிக்கிறவைக்குத்தான்."

"நீங்கதானுங்க ஐயா எங்களுக்கு வேல இல்லன்னு சொன்னீங்க?" என்றாள் பூரணி.

"சொன்னனான். அது சட்டப்படி. மிலாறு அடிச்சது உண்மைப்படி. ரெண்டையும் போட்டுக் கலக்கப்படாது, அம்மா."

சரி, உண்மைப்படி வேலை செய்தால் உண்மைப்படி ஒரு முதலாளி இருக்க வேண்டும் அல்லவா? பூரணி புதிய கம்பனியின் தொரையிடம் போனாள். அவர் இளம் பிள்ளை, பண்பானவர், பங்களா வாசலுக்கே வந்து பேசினார்.

"நீங்க இன்னும் எங்க ஆளுங்க இல்லயே. பதிவு நடக்கலத்தானே? கொழுந்து பறிக்கிறீங்க, கவ்வாத்து வெட்டுறீங்க. அது உங்க நல்ல மனசு. கம்பனி அதுக்கு நன்றியோட இருக்கு."

நல்ல மனசுக்குக் காப்புறுதி இல்லை என்று தெரிந்துகொண்டு பூரணி மறுபடி ஹட்டனுக்கு பஸ் ஏறினாள். நாள் ஓடிக்கொண்டிருந்தது. அழகுமுத்துவின் கண்ணில் ஒரு மூலையிலிருந்து கறுப்புத் திரை இறங்க ஆரம்பித்திருந்தது. சாக்குப் படுதாவை யாரோ மெல்ல மெல்ல இறக்குகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னான்.

பரமலிங்கம் கல்நெஞ்சர் அல்ல. அவரே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். அழகுமுத்து வேலை செய்யவில்லை. சும்மா காலாற உலாத்தப் போனபோது மிலாறு அடித்தது என்று எழுதித் தந்தால் போதும். வேலையில்லாதவன் உலாத்தத்தானே செய்வான்? பூரணிக்குப் பொய் கசந்தது. ஆனால் கண் அதைவிடப் பெரிது. தனுஷிகா எழுத, அழகுமுத்து கைநாட்டு வைத்தான். சட்டப்படி அதில் ஒரு பிரதி தோட்டத்துக்கும் போனது. தோட்டத்தில் அதை வாசித்தார்கள். ஆள் ஒருவன், கம்பனியின் தேயிலைக்குள், கையில் கத்தியோடு, சும்மா உலாத்தியிருக்கிறான். மறுநாளே அத்துமீறிப் புகுந்ததற்கு விளக்கம் கேட்டுக் காவல்காரன் லயத்து வாசலில் வந்து நின்றான். அவனும் பாவம், அழகுமுத்துவோடு ஒன்றாகக் கவ்வாத்து வெட்டியவன்தான். வேறெங்கோ பார்த்துக்கொண்டு தாளை நீட்டினான்.

"கத்தியோட ஒலாத்துனா சந்தேகம் வரும்தான?" என்றான்.

"ஆமாண்டா, நாந்தான் தேயிலைய வெட்டிக் கொல பண்ணப் போனேன்" என்றான் அழகுமுத்து.

இப்படியாக விஷயம் சிக்கலானதால், நிதியம் ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது. இடைவெளி என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று நேரில் பார்க்க மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பங்களாவில் கோழிக்கறியோடு சாப்பிட்டார்கள். மொட்டைச் சுவரைப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள். பழைய கம்பனி எங்கே முடிகிறது, புதிய கம்பனி எங்கே தொடங்குகிறது, நடுவில் உள்ள இடத்தைக் காட்டு என்று கங்காணியைக் கேட்டார்கள். கங்காணி யோசித்துவிட்டுக் கக்கூஸ் பக்கம் கையைக் காட்டினார். கடைசியாக லயத்துக்கு வந்து அழகுமுத்துவின் முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நீட்டினார்கள்.

"எத்தனை விரல்?"

"ஒண்ணுங்க."

"பார்வை உண்டு" என்று எழுதிக்கொண்டார் ஒருவர்.

"எங்கங்க தெரிஞ்சிச்சு? எந்த ஆபீசர் வந்தாலும் ஒத்த வெரலத்தான நீட்டுறாங்க. அதான் சொன்னேன்" என்றான் அழகுமுத்து.

அதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. பார்வை இருந்தால் ஒப்பரேஷன் எதற்கு? பார்வை இல்லை என்றால் 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்ற இடத்தில் எப்படிக் கைநாட்டு வைத்தான்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமி யார், பூசாரி யார் என்பதே பூரணிக்குப் பிடிபடவில்லை.

டொக்டர் சொன்ன கெடு முடிந்து இரண்டாம் நாள் காலையில் அழகுமுத்து வாசலில் உட்கார்ந்து, "என்ன புள்ள, இம்புட்டு மூடுபனி?" என்று கேட்டான். வெளியே சுள்ளென்று வெயில். எதிர்மலை வரைக்கும் ஒவ்வொரு தேயிலைச் செடியும் தெரிந்தது. பூரணி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "ஆமாங்க, பனிதான்" என்றாள். பிறகு லயத்துக்குப் பின்னால் போய்ப் பீலித் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அழுது முடித்தபோது துக்கம் அவளிடம் அதிகம் மிஞ்சவில்லை. மிஞ்சியது கோபம். அந்த ஆள்மேல், அவன் மாடிப்படிமேல், அவனுடைய குரங்குக் கதைக்குக் கை தட்டிய தன் கைகள்மேல்.

கண் போய்விட்டதென்று சொல்லத்தான் அவள் கடைசியாக ஹட்டனுக்குப் போனாள். சொன்னதும் பரமலிங்கம் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அம்மா, பிரச்சினை தானாத் தீர்ந்திட்டுது! கண் போனபடியால் ஒப்பரேஷன் தேவையில்லை. தேவையில்லாதபடியால் விண்ணப்பம் முடிஞ்சுது. நிதியம் துவங்கின நாள் துவக்கம் ஒரு மிச்சமும் இல்லாமல் முடிஞ்ச முதல் ஃபைல் உங்கடதுதான். விளங்குதோ? முதல் வெற்றி!"

பூரணி தன் கையை உருவிக்கொண்டாள். தனுஷிகா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ ஒரு தாளை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தது.

வெற்றியைக் கொண்டாட வேண்டாமா? தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் விழா என்று பரமலிங்கம் முடிவு செய்தார். நிதியத்தின் அன்பளிப்பாக அழகுமுத்துவுக்கு ஒரு வெள்ளைப் பிரம்பும் கறுப்புக் கண்ணாடியும்.

"பிறகு, உங்கட பாரம்பரிய முறைப்படி எனக்கு ஒரு வரவேற்பு தந்தால் நல்லது. அந்தத் தப்பு எண்டு அடிப்பினமல்லோ, அது. நல்லா உரத்து அடிக்கவேணும். அமைச்சில இருந்து வீடியோ கேக்கினம்."

"செய்றோங்க ஐயா" என்றாள் பூரணி. "எங்க மொறப்படியே செய்றோம்."

மலையகத்தில் தப்பு சும்மா அடிபடுவதில்லை. அது பேசும். திருவிழாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. சாவு அடி கேட்டால் மலையில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். கூடையை இறக்கிவிட்டு, வீட்டுக்கு ஒருத்தி முந்தானையில் ஒரு பிடி அரிசியை முடிந்துகொண்டு இழவு வீட்டுக்குப் போவாள். எந்தத் தொரையாலும் அதைத் தடுக்க முடிந்ததில்லை. மொட்டைக்கல்லில் தப்படிப்பதில் அழகுமுத்துவை மிஞ்ச ஆள் இல்லை. அதற்குக் கண் தேவையில்லை.

பூரணி தன் யோசனையைச் சொன்னபோது அவன் தலையசைத்து மறுத்தான்.

"உசுரோட இருக்கவனுக்குச் சாவு அடி அடிச்சா பாவம் புள்ள."

"ஒங்க கண்ணு உசுரோடதான இருந்திச்சு?" என்றாள் பூரணி. "அதுக்கு யாரு பாவம் பாத்தாங்க?"

அழகுமுத்து கையை நீட்டினான். அவள் தப்பை எடுத்துக் கொடுத்தாள். அவன் தோலைத் தடவிப் பார்த்து, "வெயில்ல வச்சுக் காய்ச்சணும்" என்றான்.

விழா நாளில் வெள்ளைக் கார் மைதானத்துக்குள் நுழையும்போதே அடி தொடங்கியது. அழகுமுத்து நடுவில், கூட்டாளி மாயாண்டி பக்கத்தில். பரமலிங்கம் காரை விட்டு இறங்கி, தலையை ஆட்டி ரசித்துக்கொண்டு தன் சாவு மேளத்துக்கு நடுவே நிதானமாக நடந்து வந்தார். சத்தம் மலைக்கு மலை ஏறிப் போனது. மேல்மலையில் நிரையாக நின்ற பெண்கள் கொழுந்து பறித்த கையோடு அப்படியே நின்றார்கள். பிறகு கூடைகளை இறக்கினார்கள்.

"யாரு?" என்று ஒருத்தி ஓடி வந்து கேட்டாள்.

"நிதியத்து ஐயா" என்றாள் பூரணி.

"அடப்பாவமே! எப்ப?"

"நம்ம தோட்டத்துக்கு வந்து எறங்குன அன்னைக்கே."

வந்தவள் மேடையில் சிரித்துக்கொண்டிருந்த பரமலிங்கத்தைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியும் பிரம்பும் வைத்திருந்த மேசையைப் பார்த்தாள். அவளுடைய புருஷனின் பெயரும் இன்னும் பதியப்படாமல்தான் கிடந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, தலைமுடியைக் கலைத்துவிட்டு, வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் மலையே இறங்கி வந்தது.

பரமலிங்கத்தின் கதிரையைத் தெற்குப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்ததும் மாயாண்டி பயபக்தியோடு வந்து, அவர் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரு காசை அழுத்தி ஒட்டினான்.

"ஓ, செல்வம் பெருகட்டும் எண்டோ?" என்றார் பரமலிங்கம்.

"இதுக்கு மேல கொறையாதுங்க" என்றான் மாயாண்டி.

பெண்கள் வட்டமாக நின்று தோளில் கை போட்டு எடுத்த எடுப்பிலேயே ஒப்பாரியை உச்சத்தில் தொடங்கினார்கள்.

"சட்டம் எழுதி வச்ச சாமி – எங்கள
நட்ட நடுவழியில் விட்டீகளே!
கட்டில் கெடக்கக் கதிர கெடக்க – நீங்க
கட்டையில போகத் துணிஞ்சீகளே!"

"என்ன உருக்கம்! இதுதான் நாட்டார் பாடல்" என்று பரமலிங்கம் வீடியோக்காரனை அருகில் போகச் சொன்னார். ஆனாலும் அழுகை கொஞ்சம் அதிகமாக இருப்பதாக அவருக்கே பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற தனுஷிகாவிடம் குனிந்து, "பிள்ளை, இது என்ன மாதிரியான வரவேற்பு?" என்று கேட்டார்.

தனுஷிகா எப்போதோ செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி, தலை குனிந்து நின்றுகொண்டிருந்தது.

"பெரியவங்களுக்கு மட்டுந்தான் செய்வாங்க சேர். ஒருத்தருக்கு ஒரு தடவதான்."

பரமலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது. எழுந்து பேசினார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எண்டு ஒரு பழமொழி இருக்கு. அப்பிடி ஒரு நிலை ஒரு தொழிலாளிக்கும் வரக்கூடாது எண்டதுதான் எங்கட நிதியத்தின்ர கொள்கை." இப்படிச் சொல்லிக்கொண்டே வெள்ளைப் பிரம்பை எடுத்து அழகுமுத்துவின் கையில் வைத்தார். "தம்பி பொறுமையா இருந்தார். நாங்களும் பொறுமையா இருந்தம். இண்டைக்கு அவருக்கும் எங்களுக்கும் இடையில ஒரு பிரச்சினையும் இல்லை. என்னை இந்த மக்கள் எப்பிடிப் பாக்கினம் எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது!"

பலத்த கைதட்டல். இந்த முறை மனதாரத் தட்டினார்கள்.

"இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குங்க ஐயா" என்றாள் பூரணி. "வாயக் கொஞ்சம் தொறங்க."

அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்து வாயைத் திறந்தார். முதல் அரிசியைப் பூரணி போட்டாள். அவளுக்குப் பின்னால் பெயர் வெட்டப்பட்ட பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, ஆளுக்கு ஒரு கிள்ளு வாய்க்கரிசியைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். பல்லில் நறநறவென்று கடிபட்டாலும், பாரம்பரியத்தை அவமதிக்கக்கூடாது என்று பரமலிங்கம் மென்று விழுங்கினார். வீடியோக்காரன் எல்லாவற்றையும் எடுத்தான். அது அமைச்சுக்குப் போனது. அங்கே மலையகத்துப் பியோன் ஒருவர் பார்த்துவிட்டுத் தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே போட்டாராம். அன்றிலிருந்து பரமலிங்கம் ஹட்டன் கடைத்தெருவில் இறங்கினால், எதிரே வருகிற தோட்டத்து ஆட்கள் செருப்பைக் கழற்றி ஒதுங்கி நிற்கிறார்கள். மரியாதை கூடிவிட்டதாக அவர் நம்புகிறார்.

விழா முடிந்து பூரணி புருஷனின் கையைப் பிடித்து லயத்துக்குக் கூட்டிப் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. பிரம்பை அவள் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். அவன் அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். ஃபெக்டரிச் சுவரைக் கடக்கும்போது அவன் கேட்டான்.

"நெசமாவே வாயத் தொறந்தானா?"

"தொறந்தாரு. ஆன்னு."

"மென்னானா?"

"மென்னு முழுங்குனாரு. நெத்திக் காசு மூக்குல எறங்கி வந்திருச்சு. அதையும் எடுத்து ஒட்டிக்கிட்டாரு."

அழகுமுத்து சிரித்தான். கண் போன பிறகு முதல் தடவையாக, தோள் குலுங்கக் குலுங்க, வழியில் நின்று சிரித்தான். பூரணியும் சிரித்தாள். பிறகு அவன் சிரிப்பு மெல்ல நின்றது. தப்படித்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாரும் பாத்தீங்க. நாந்தான் பாக்கல."

அந்த மனுஷனுக்கு வாய்க்கரிசி போட்டதெல்லாம் போதவே போதாது என்று அப்போதுதான் பூரணிக்குத் தோன்றியது. கக்கத்தில் இருந்த பிரம்பை எடுத்து, முழங்காலில் வைத்து முறித்து, தேயிலைக்குள் வீசினாள்.

"என்ன சத்தம் புள்ள?"

"ஒண்ணுமில்ல. மிலாறு."

அவன் அவள் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றான். "கார விட்டு எறங்குனதுல இருந்து. மொகம் எப்படி இருந்திச்சுன்னு சொல்லு."